பத்துக்கு ஆறு

இயேசு மரி சூசை

நெடுந்தீவு
14.08.2023

அன்புள்ள மகள் ஜெனீற்றாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அக்கா ஜசிந்தாவும் நல்ல சுகம். நீயும் அந்தக் குளிர் நாட்டில் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

போன ஞாயிறு தம்பியின் மகன் றெக்ஷன் தன் போனைக் கொண்டுவந்து உன் முகத்தைக் காட்டினான். முகம் வடிவாய்த் தெரிந்தது. வாய் அசைந்தது. நாற்பது வருடம் வள்ளத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த என் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. அதனால் நீ கேட்டதுக்கெல்லாம் தலையை ஆட்டி "ஓம், ஓம்" என்றேன். நீ போனை வைத்த பிறகுதான் அவன் சொல்கிறான், "பெரியப்பா, நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்கிறியளோ எண்டு ஜெனீற்றா அக்கா கேட்டவா, நீங்கள் ஓம் எண்டுறியள்!" ஆகவே இனிப் படம் வேண்டாம். கடிதம் எழுது. மூன்று கிழமை பிந்தினாலும் பரவாயில்லை, கடிதத்துக்குக் காது தேவையில்லை.

அக்கா வழமைபோல் ஆஸ்பத்திரிக்கு அற்றன்டன் வேலைக்குப் போய் வந்து எனக்குச் சமைத்துத் தருகிறாள். உன்னைப் பற்றிக் கதைப்பதில்லை. "கொழும்பில ரெண்டு கிழமைப் பயிற்சி" என்று சொல்லிவிட்டு நீ போனாய். டொக்டர் அம்மா திரும்பி வருவா என்று சனமும் இருந்தது. உன் பெட்டியை இறங்குதுறை மட்டும் சுமந்தவள் அக்கா. இரண்டு கிழமைக்கு ஏன் இவ்வளவு பாரம் என்று அன்றைக்கு ஒரு சொல் கேட்கவில்லையே என்பதுதான் அவளுக்குக் கோபம். பெற்றோல் இல்லை, மருந்து இல்லை என்று இருந்த அந்த வருடத்தில் யார்தான் போகவில்லை? எனக்கு ஆறிவிட்டது. அவளுக்கு ஆறவில்லை. ஆனால் உன் கடிதங்கள் இருக்கிற அலுமாரித் தட்டைத் துடைப்பது அவள்தான்.

நீ இருந்த கதிரைக்குப் புது டொக்டர் வந்திருக்கிறார். நுவன் என்று பெயர், குருநாகல் பக்கத்துச் சிங்களப் பொடியன். நல்ல மனுசன்.

பிழை இருந்தால் புள்ளி போட்டு அனுப்பவும். யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்தபோது, பத்து வயதில், என் கடிதத்தைச் சிவப்புப் பேனையால் திருத்தித் திருப்பி அனுப்பினாய் அல்லவா? அது தகரப் பெட்டிக்குள் பத்திரமாய் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு வலை பிடிக்கப் போனவனுக்கு நீதான் வாத்தியார். அன்றிலிருந்து ஊர்ப்பேச்சைக் கடிதத்தில் விடுவதில்லை. தவறி வந்தால் வெட்டிவிட்டு நல்ல சொல் போடுகிறேன்.

இப்படிக்கு அன்பு அப்பா,
மரியநாயகம்

*

இங்கிலாந்து
09.09.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்களதும் அக்காவினதும் சுகமறிய ஆவல். கடிதத்துக்குப் பத்துக்கு எட்டுப் புள்ளி. வாத்தியாருக்குச் சந்தோசம்.

நீங்கள் சாப்பிடுவதில்லை என்று தலையாட்டியதும் நான் உண்மையிலேயே பயந்துபோனேன். அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே வேலை சற்று அதிகம். எங்கள் தீவுச் சனம் முழுவதும் அடங்கக்கூடிய ஆஸ்பத்திரி, ஆனாலும் கட்டில் போதாது. போன கிழமை உங்கள் வயது மனிதர் ஒருவர் நடைபாதையில், கதிரையில் இருந்தபடியே, பதினாறு மணித்தியாலம் காத்திருந்தார். அவருக்கும் கூப்பிட்டால் கேட்காது. நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது... அது போகட்டும். குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கிவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். என் மேசை லாச்சியில் சிவப்பு மட்டைக் கொப்பி ஒன்று விட்டுவிட்டு வந்தேன். தீவுச் சனம் நோயைச் சொல்லும் சொற்களும், அதற்கு என்ன பொருள், என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. புது டொக்டரின் கையில் சேர்ந்ததா? முதல் பக்கத்தில் முதல் சொல் "வாய்வு". நான் வேலை பழகிய வருடம், மண்டைதீவுக் கடற்றொழிலாளி ஒருவர் "நெஞ்சுக்குள்ள வாய்வுக் குத்து, தங்கச்சி" என்று வந்தார். எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் வருவது வாய்வுதானே என்று வயிற்றுக்கு மருந்து கொடுத்தேன். மனிதர் வாசலைத் தாண்டவில்லை. மாரடைப்பு. அன்றைக்கு வாங்கியதுதான் அந்தக் கொப்பி. "வாய்வு என்று சொன்னால் நம்பாதே, முதலில் ஈசிஜி எடு" என்று எழுதி மூன்று கோடு கீறியிருக்கிறேன். அவரிடம் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. அவ கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
ஜெனீற்றா

*

இயேசு மரி சூசை

நெடுந்தீவு
04.10.2023

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம், உன் சுகத்துக்கு மன்றாடுகிறேன். எட்டுப் புள்ளியை றெக்ஷனுக்குக் காட்டினேன். அவன் பள்ளிக்கூடத்தில் வாங்காத புள்ளி.

உன் கொப்பி டொக்டரின் மேசையிலேயே இருக்கிறது. அது கையில் வருமுன் பட்ட பாட்டைக் கேள். முதல் கிழமை இராசமணி "நாரி நோகுது" என்று போனாளாம். டொக்டர் தன் போனில் தட்டிப் பார்த்தால் நாரி என்றால் பெண் என்று வந்ததாம். "எந்தப் பெண்ணுக்கு நோகுது அம்மா?" என்று கேட்டாராம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சிரிக்கவும் ஏலாமல் நிற்கவும் ஏலாமல் போனாளாம். பிறகுதான் அக்கா உன் கொப்பியை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தவள் அவள் என்பதைக் கவனி.

இப்போது அவரிடம் போய் வாய்வு என்று சொன்னால் போதும். மற்றக் கதை இல்லை. உடனே படுக்கவைத்துச் சட்டையைக் கழற்றி வயர் பூட்டுகிறார். அப்படிப் பூட்டித்தான் அந்தோனியம்மாவை அன்றைக்கே படகில் யாழ்ப்பாணம் அனுப்பினார். அவள் நெஞ்சுக்குள் குழாய் வைத்துக்கொண்டு வந்து இப்போது திரும்பவும் மீன் விற்கிறாள். அந்த உயிர் உன்னுடைய கொப்பி கொடுத்த உயிர். எனக்குப் பெருமை. ஆனால் சனத்துக்கு வயர் என்றால் பயம். "அந்தச் சொல்லை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்று ஒருவருக்கு ஒருவர் படிப்பிக்கிறார்கள்.

கோயிலுக்கு நடந்துதான் போகிறேன். முன்னர் ஒரே நடை. இப்போது இரண்டு இடத்தில் கல்வேலியில் குந்தி இருந்து எழும்ப வேண்டியிருக்கிறது. எழுபத்திரண்டு வயதுக் கால் வேறு என்ன செய்யும். வலை இழுத்த இடது தோளும் மாரிக்கு முன்னமே உளையத் தொடங்கிவிட்டது.

மற்றப்படி குறை இல்லை. எனக்கு [ஒரு சொல் வெட்டப்பட்டிருக்கிறது] சமிபாடு சரியில்லை, அவ்வளவுதான். நெஞ்சுக்கு நேரே ஒரு பாரம் வந்து நிற்கிறது. ஏப்பம் விட்டால் குறைகிறது. நண்டுக்கறியின் வேலை என்று நினைக்கிறேன்.

பாலன் பிறந்த நத்தாருக்கு வருவாயா? கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். பேனை கேட்டுவிட்டது.

அப்பா

*

இங்கிலாந்து
02.11.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகமறிய ஆவல்.

ஒன்பது நாள் தொடர்ந்து வேலை. இதைப் பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பஸ்ஸின் பிழை. நாரிக் கதையை வாசித்துச் சிரித்ததில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா எழும்பி வேறு இடத்தில் போய் இருந்துவிட்டா. ஒரு மாதத்துக்குப் பிறகு நான் சிரித்தது அதுதான்.

சமிபாட்டுக்கு ஒமிப்ரசோல் இருபது மில்லிகிராம் குளிசை, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. றெக்ஷனிடம் சொன்னால் யாழ்ப்பாணத்துப் பாமசியில் வாங்கி வருவான். நண்டு, உறைப்பு, வெறும் தேத்தண்ணி மூன்றையும் குறையுங்கள். சாப்பிட்டவுடன் படுக்க வேண்டாம். ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

கடிதத்தில் ஒரு சொல்லை வெட்டிக் கொத்தியிருக்கிறீர்கள். அதற்காக ஒரு புள்ளி குறைத்து ஏழு. கண்ணாடியை மாற்றுங்கள் அப்பா.

மார்கழி இருபதில் இருந்து லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் நத்தார்ப் பூசைக்கு உங்களோடு நிற்பேன். கிடைக்காவிட்டால் றெக்ஷனுக்குப் போன் எடுத்துச் சொல்வேன். போன் வராவிட்டால் நான் வருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்,
ஜெனீற்றா

*

இயேசு மரி சூசை

நெடுந்தீவு
24.11.2023

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். நீ வரும் செய்தியை வாசித்த பிறகு நான் இன்னும் சுகம்.

நீ எழுதிய குளிசை அடுத்த நாளே வந்துவிட்டது. இரண்டு நாள் நல்லாய்க் கேட்டது. மூன்றாம் நாள் [ஒரு சொல் வெட்டப்பட்டிருக்கிறது] சமிபாடு திரும்பவும் தன் குணத்தைக் காட்டியது. கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போது வந்து, வாளியை வைத்துவிட்டு இருந்தவுடன் போய்விட்டது. மாரி மழையிலும் எனக்குச் சட்டை நனைய வேர்க்கிறது, அக்கா சிரிக்கிறாள்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு டொக்டர். அக்கா நாளுக்கு ஒருதரம், "அப்பா, ஆஸ்பத்திரிக்கு வாங்கோ, வயர் பூட்டிப் பாப்பம்" என்கிறாள். அலுப்புத் தாங்காமல் உன் கடிதத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். "படிச்சவள் எழுதியிருக்கிறாள், இது சமிபாடு. நிலம் கூட்டுறவள் எனக்கு வைத்தியம் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் குசினிக்குள் போய்ச் சட்டி கழுவினாள். கழுவின சட்டியைத் திரும்பவும் கழுவினாள். சொல்லியிருக்கக் கூடாது. நீ வரும்போது அவளுக்கு நல்ல சீலை ஒன்று கொண்டுவா.

உன் அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். பாதிச் சுவர்தான் ஏலுமாய் இருந்தது. மிச்சத்தை றெக்ஷன் அடித்தான்.

எந்தப் படகில் வருவாய் என்று தெரியாது. இருபத்தோராம் திகதியில் இருந்து எல்லாப் படகுக்கும் இறங்குதுறையில் நிற்பேன். இந்தக் கடிதத்தில் ஒரு வெட்டுத்தான். ஏழுக்குக் குறைக்காதே.

அப்பா

*

இங்கிலாந்து
14.12.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

லீவு கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி நிரம்பி வழிகிறது, ஆள் போதாது. உயிர்த்த ஞாயிறுக்கு நிச்சயம் வருவேன். கோபிக்க வேண்டாம்.

குளிசையைக் காலையும் மாலையும் இரண்டு வேளையாகப் போடுங்கள். பத்துக்கு ஏழரை.

நத்தார் வாழ்த்துகள். அக்காவுக்கும்.

ஜெனீற்றா

*

நெடுந்தீவு
20.01.2024

தங்கச்சி ஜெனீற்றாவுக்கு,

ஜசிந்தா எழுதுவது. நான் சுகமாய் இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய்.

செய்தியை றெக்ஷன் போனில் சொல்லிவிட்டான். நீ என்னோடு கதைக்கக் கேட்டதாயும் சொன்னான். நான் போனைக் கையில் வாங்கவில்லை.

அப்பா தை ஆறாம் திகதி, மூவிராசாக்கள் திருநாளில் போனார். நித்திரையில் போனார். ஒரு கரைச்சலும் படவில்லை. முகம் தெளிவாய் இருந்தது. அடுத்த நாள் பின்னேரமே அடக்கம் செய்தோம். நீ வந்து சேரும் மட்டும் வைத்திருக்க இங்கே வசதி இல்லை, கடலும் குழம்பியிருந்தது. சேமக்காலையில், குழிக்குப் பக்கத்தில், றெக்ஷன் உனக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். நீ பார்த்திருப்பாய்.

பங்குச் சுவாமி நல்லாய்ப் பிரசங்கம் வைத்தார். டொக்டர் நுவனும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மண் போட்டார். சனம் நிறைய.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒழுங்கு செய்திருக்கிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜசிந்தா

*

இங்கிலாந்து
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமறிய ஆவல்.

நீங்கள் எழுதியதற்கு நன்றி. இருபது மாதத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்தைப் பார்க்கிறேன். கடித உறையைக் கண்டவுடன் அப்பாவின் கடிதம் என்று நினைத்து ஒரு கணம் சந்தோசப்பட்டேன், அதற்காக என்னை மன்னியுங்கள்.

அக்கா, நித்திரையில் போனவர் என்று எழுதியிருக்கிறீர்கள். றெக்ஷன், "பெரியப்பா குசினிக் கதிரையில இருந்தவர்" என்று சொன்னான். நான் டொக்டர். எனக்கு மூடி வைத்துச் சொல்ல வேண்டாம். அன்றைக்குக் காலையில் எழும்பி என்ன செய்தார்? எங்கே நோகுது என்றார்? வேர்த்ததா? எனக்கு எழுதும்போது சமிபாடு, சமிபாடு என்றுதான் எழுதினார். உங்களுக்குச் சொல்லும்போது என்ன சொல்லிச் சொன்னவர்? அவர் வாயில் வந்த சொல்லை அப்படியே எழுதுங்கள். திருத்த வேண்டாம்.

இதை அறியாமல் எனக்கு வேலை செய்ய ஏலாமல் இருக்கிறது. நெஞ்சு நோகுது என்று ஒருவர் வந்தால் பக்கத்து டொக்டரைக் கூப்பிட்டு விட்டுவிட்டு வெளியே போகிறேன்.

ஜெனீற்றா

*

நெடுந்தீவு
26.03.2024

ஜெனீற்றாவுக்கு,

நான் சுகம். உன் கடிதம் வந்து நாலு கிழமை. அலுமாரியில் வைத்துவிட்டு ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு இருந்தேன். நாளைமறுநாள் பெரிய வியாழன். பாவசங்கீர்த்தனம் செய்யப் போய் சுவாமியிடம் சொன்னேன். அவர், "எனக்குச் சொன்னது காணும், இனித் தங்கச்சிக்குச் சொல்லும்" என்றார். அதனால் எழுதுகிறேன். எனக்கு உங்கள் இரண்டு பேரின் நல்ல தமிழ் வராது.

அப்பா நித்திரையில் போகவில்லை. நான் பொய் எழுதினேன்.

அவர் என்னிடம் ஒருநாளும் சமிபாடு என்று சொன்னதில்லை. புரட்டாதியில் இருந்தே, "பிள்ளை, வாய்வு நெஞ்சில நிக்குது" என்றுதான் சொன்னவர். நாலு மாதம் ஒரே சொல்தான். உன் கொப்பியை டொக்டருக்கு எடுத்துக் கொடுத்தவள் நான். முதல் பக்கத்தில் முதல் சொல் என்ன என்று எனக்குத் தெரியும். அதுதான் வயர் பூட்ட வரச்சொல்லி நாளாந்தம் கரைச்சல் கொடுத்தேன். அவர் உன் கடிதத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தார். நிலம் கூட்டுறவள் என்றார். உனக்கும் எழுதியிருப்பார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. டொக்டரிடமும் சொல்லவில்லை. கோபம்.

மார்கழி இருபத்தொன்றில் இருந்து இருபத்தைந்து மட்டும் காலைப் படகுக்கும் பின்னேரப் படகுக்கும் இறங்குதுறைக்கு நடந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்வேலியாய் இருந்து இருந்து போவார். கடைசி ஆள் இறங்கின பிறகும் படகுக்குள் எட்டிப் பார்ப்பாராம், றெக்ஷன் சொன்னான். உன் கடிதம் இருபத்தெட்டாம் திகதி வந்தது.

ஆறாம் திகதி காலை ஆறரைக்கு நான் வேலைக்கு வெளிக்கிடுகிறேன். குசினிக் கதிரையில் இருந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. "பிள்ளை, இண்டைக்கு வாய்வு இறங்குதில்லை" என்றார். நான் என்ன சொன்னனான் தெரியுமா? "லண்டன் டொக்டருக்கு எழுதிக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனேன். அவருக்குக் கேட்காது என்று நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்.

எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு இராசமணி அப்பாவைக் கண்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். டொக்டர் என் பின்னால் ஓடிவந்தார், மிசினையும் தானே தூக்கிக்கொண்டு. அப்பா கதிரையில்தான் இருந்தார். பேனை நிலத்தில் கிடந்தது. டொக்டர் அரை மணித்தியாலம் நெஞ்சில் அமத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, அப்பா வாய்வு எண்டு சொன்னவரோ?" என்று கேட்டார். நான், "இல்லை டொக்டர், சமிபாடு எண்டவர்" என்றேன். அவரிடமும் பொய்.

அன்றைக்கு எழுதின கடிதத்தை இதற்குள் வைக்கிறேன். இத்தனை நாளும் மேசைவிரிப்புக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். தகரப் பெட்டிக்குள் இருந்த, நீ சிவப்பால் திருத்திய பழைய கடிதமும் இருக்கிறது. அதில் உன் கையெழுத்து, எனக்கு அதைத் திறந்து பார்க்கத் தெம்பு இல்லை. நீயே வைத்துக்கொள்.

ஜசிந்தா

[உள்ளே இருந்தது]

இயேசு மரி சூசை

நெடுந்தீவு
06.01.2024

அன்புள்ள மகளுக்கு,

நான் நல்ல சுகம். லீவு தராவிட்டால் நீ என்ன செய்வாய், வருத்தப்படாதே. உயிர்த்த ஞாயிறுக்கு வா, வெள்ளை அடித்த சுவர் அழியாது. குளிசை இரண்டு வேளையும் போடுகிறேன். [ஒரு சொல் வெட்டப்பட்டிருக்கிறது] சமிபாடு மட்டும் இன்னும் சரிவரவில்லை. இப்போது சும்மா இருந்தாலும்

*

இங்கிலாந்து
21.04.2024

அக்கா,

சுகம் என்று எழுதப் பேனை வரவில்லை. எனக்குச் சுகமில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பாவின் கடிதங்களையெல்லாம் எடுத்தேன். வெட்டியிருந்த இடங்களை யன்னல் கண்ணாடியில் வைத்து, பின்னால் வெளிச்சம் விழப் பார்த்தேன். ஐப்பசியில் எழுதியதில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று, கடைசியில் ஒன்று. மூன்றிலும் முதலில் எழுதியது வாய்வு. மூன்று முறையும் அப்பா எனக்குச் சரியாகத்தான் சொல்லத் தொடங்கியிருக்கிறார். பிறகு நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்று வெட்டிவிட்டார். வெட்டியதற்கு நான் ஒரு புள்ளி குறைத்தேன்.

தோள் உளைவு, கல்வேலியில் இருந்து எழும்பியது, நெஞ்சுக்கு நேரே பாரம், மூன்றும் அந்த ஒரு கடிதத்திலேயே இருந்தன. முன்பின் தெரியாத ஒருவர் சொல்லியிருந்தால் சேர்த்துப் பார்த்திருப்பேன். என் அப்பா சிரித்துச் சிரித்து எழுதினார், நான் சிரித்துக்கொண்டு வாசித்தேன். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு என்னைப் படிப்பித்தீர்கள். நான் ஏழு வருடம் படித்ததை நீங்கள் நிலம் கூட்டிக்கொண்டே சரியாகப் பிடித்தீர்கள். படலையைச் சாத்தியது மட்டும்தான் உங்கள் பிழை. அந்தப் படலையைச் சாத்த வைத்தது என்னுடைய கடிதம்.

நீங்கள் சொன்ன பிறகு நானும் சொல்ல வேண்டும். மார்கழியில் எனக்கு லீவு கிடைத்தது. பதினான்கு நாள். இறங்குதுறையில் இறங்கும்போது சனம் என்ன கேட்கும், நீங்கள் முகத்தைத் திருப்புவீர்களா என்று நினைத்துப் பயந்துபோய் இந்த அறைக்குள்ளேயே அந்தப் பதினான்கு நாளும் இருந்தேன். றெக்ஷனுக்குப் போனும் எடுக்கவில்லை. நத்தாருக்குப் பிறகுதான் போய்ச் சேரும் என்று தெரிந்துகொண்டே கடிதம் எழுதினேன். அவர் படகுக்குள் எட்டிப் பார்த்த நேரத்தில் நான் கட்டிலில் படுத்திருந்தேன்.

டொக்டர் நுவனிடம் உண்மையைச் சொல்லுங்கள். கொப்பியில் வாய்வுக்குக் கீழே ஒரு வரி இடம் இருக்கும். "சமிபாடு" என்று எழுதி, முதலில் ஈசிஜி என்று போடச் சொல்லுங்கள்.

சிவப்புக் கடிதத்தையும் திறந்தேன். அப்பா எனக்கு எழுதியது, பங்குனி மாதம், எனக்குப் பத்து வயது. "எனக்கு இரண்டு நாளாய் வாய்வு" என்று எழுதியிருக்கிறார். வாய்வு என்ற சொல்லைச் சிவப்பால் வெட்டி, அதற்கு மேலே "சமிபாட்டுக் கோளாறு" என்று நான் எழுதியிருக்கிறேன். அந்தத் தவணைதான் விஞ்ஞான பாடத்தில் அந்தச் சொல்லைப் படித்தோம், நல்ல ஞாபகம். அப்பாவுக்கு அந்தச் சொல்லே தெரியாது அக்கா. நான்தான் படிப்பித்தேன்.

கடிதத்தின் அடியில் சுற்றி வட்டம் போட்டு, பத்துக்கு ஆறு. அதற்குக் கீழே வாத்தியார் மாதிரிச் சரித்து எழுதியிருக்கிறேன்:

இன்னும் கவனம் தேவை.

ஜெனீற்றா